நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்காக ஒரு ஜெபம்

ஞானம்மா ஜெபம் பண்ணினால் பேர் சொல்லித்தான் பண்ணுவாள். எல்லா வம்பும் அதில்தான் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் சீட்டுக்கு அடியில் போகிற இரும்புத் தாங்கிகளை அடித்துத் தள்ளும் கம்பெனி அது. முதல் ஷிஃப்ட் சைரன் ஊதுவதற்குச் சற்று முன்னால் பிரஸ் ஷாப் பெண்கள் தண்ணீர்க் குழாயோரம் கூடுவார்கள். சோழவரம் பக்கத்துக் காலனியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஞானம்மா, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடுவாள். உலகத்தை ஆசீர்வதியும், தேசத்தை ஆசீர்வதியும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

“கன்னியம்மா ஊட்டுக்காரு ஆதிகேசவன் நேத்தும் குடிச்சிட்டு வந்து சோத்துப் பானைய எட்டி ஒதைச்சிருக்காரு ஆண்டவரே. அந்தக் காலக் கொஞ்சம் புடிச்சி வெய்யும்.”

இது ஆதிகேசவன் காதுக்குப் போய், “என் பேர இன்னாத்துக்கு உங்க சாமியாண்ட போட்டுக் குடுக்கற?” என்று பஸ் நிற்கிற இடத்துக்கே சண்டைக்கு வந்தான். “நீ ஒதைக்கறத நிறுத்து, நான் சொல்றத நிறுத்தறேன்” என்றாள் ஞானம்மா. அவன் குடியை விட்டானா என்றால் இல்லை. ஆனால் பானைப் பக்கம் காலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் யோசிக்கிறான் என்று கன்னியம்மா சொன்னாள். அதுவே பெரிய விஷயம்.

குழாயோரம் கூடுகிறவர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மிச்சப் பேர் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறவர்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. “எங்க ஆத்தா அது பாட்டுக்கு அங்க கீது. இது வேற. ஞானம்மா நம்ம பேரச் சொன்னா மனசு லேசாவுது” என்பாள் கன்னியம்மா. யாராவது புதிதாகச் சேர்ந்தால் ஞானம்மா முதலில் கேட்பது பேர், அடுத்தது “இன்னாம்மா கஷ்டம் உனக்கு?” என்பதுதான். அவள் பிரசங்கம் அவ்வளவுதான்.

அப்படிச் சேர்ந்தவள்தான் செண்பகம். கல்யாணமாகி ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெண். கொடுத்த மிஷின் நாலாம் நம்பர் பிரஸ்.

பிரஸ் என்றால் வேறொன்றுமில்லை. தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்தால், மேலேயிருந்து யானைக் கனத்தில் ஓர் இரும்புக் கட்டை இறங்கி அதை வளைக்கும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்கிவிடக் கூடாது என்று மிஷினின் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம் நட்டு சென்சார் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு விரல் தெரிந்தாலும் மிஷின் அப்படியே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேலை நுனி பட்டாலும் நிற்கும், கோட்டுக் கை பட்டாலும் நிற்கும். நின்றால் மறுபடி ஓட்ட நேரமாகும். நேரமானால் டார்கெட் போகும். சென்சாரைத் தூங்க வைக்க ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி சூப்பர்வைசர் துளசிராமனிடம் இருந்தது.

பெரிய ஆர்டர் வந்த மாசத்தில் துளசிராமன் நாலாம் நம்பரில் சாவியைத் திருப்பினார். “ரெண்டு வாரம்தாம்மா. பாத்து கைய எடுங்க” என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு மிஷினுக்கும் கற்பூரம் காட்டி, “யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது தாயே” என்று உருகி வேண்டிக்கொள்கிற மனுஷன்தான். வேண்டிக்கொண்ட கையாலேயே சாவியைத் திருப்பினார். இரண்டு வாரம் இரண்டு மாசமானது.

ஒருநாள் டீ நேரத்துக்குச் சற்று முன்னால் நாலாம் நம்பரிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. ஞானம்மா தன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினாள். செண்பகம் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடுங்கிப் பார்த்தால் ஐந்து விரலும் இருந்தது. கையுறையின் விரல் நுனிகள் மட்டும் மிஷினுக்குள் அப்பளமாகக் கிடந்தன. கையுறை பெரிசாக இருந்ததால் விரல் தப்பியது. அளவான கையுறை போட்டிருந்தால் அன்றோடு சரி.

துளசிராமன் வந்தார், பார்த்தார், முகம் வெளுத்தார். “ஒண்ணும் ஆவலல்ல? தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியை மட்டும் தொடவில்லை.

மறுநாள் காலை குழாயோரம் ஞானம்மா கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, நாலாம் நம்பர் பிரஸ்ல சென்சார ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. நேத்து செண்பகத்தோட கை தப்பிச்சிது, உமக்கு ஸ்தோத்திரம். இன்னைக்கும் அந்தப் பொண்ணு அதே மிஷின்லதான் குந்தப் போவுது. சாவி துளசிராமன் சாராண்ட கீது. அத்தத் திருப்பற மனச அவருக்குக் குடும். அவருக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது, அதுங்க கையயும் காப்பாத்தும்.”

“ஆமென்” என்று பெண்கள் சொன்ன வேகத்தில் குழாயடிக் காக்கா பறந்துபோனது. கண்ணைத் திறந்தால் பின்னால் துளசிராமன் நிற்கிறார்.

“இன்னா, என் பேர ஏலம் போடறியா?”

“ஏலம் இல்ல சார். உங்களுக்காகத்தான் ஜெபிச்சேன்.”

“யாரும்மா கேட்டது உன்னிய?”

இந்தக் கோபத்துக்கு ஒரு பின்கதை உண்டு. துளசிராமனின் குடும்பத்துக்கு ஊரில் இன்னும் நெல் விளைகிற நிலம் இருக்கிறது. ஞானம்மாவின் அம்மா அதுபோன்ற நிலங்களில் நடவுக்குப் போனவள். நிலத்துக்காரர் பேரை அவள் சாகிறவரை வாயால் சொன்னதில்லை, மேலூட்டுக்காரரு என்றுதான் சொல்வாள். அவள் மகள் இன்று பத்துப் பேர் நடுவில், கடவுளிடம், துளசிராமன் என்று முழுப் பேரைச் சொல்லிக் குற்றம் வைக்கிறாள். அவருக்கு எரியாமல் என்ன செய்யும்? அவள் “சார்” சேர்த்துத்தான் சொன்னாள், அது அவர் காதில் விழவில்லை.

சாயங்காலமே ஹெச்.ஆர். ஸ்டீவன் கூப்பிட்டனுப்பினார்.

ஸ்டீவன் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய பயமும் உள்ளவர். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பெரிய சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்ததும் சின்ன மரச் சிலுவையை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“சிஸ்டர், நானும் விசுவாசிதான். ஆனா இது கம்பெனி. இங்க ஆள் சேத்து ஜெபம் பண்ணி மதம் மாத்தறாங்கன்னு துளசிராமன் எழுதிக் குடுத்துட்டாரு. இது வெளிய போச்சுன்னா எவ்வளவு பிரச்சினை தெரியுமா?”

“யார சார் மாத்தினேன்? கன்னியம்மா இன்னும் ஆத்தாங்குது. நான் மிஷினத்தான் சார் மாத்தச் சொல்றேன்.”

ஸ்டீவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சென்சார் விஷயம் நான் பாத்துக்கறேன். நேரம் வரும்போது மேல பேசறேன். நீங்க ஜெபத்தைப் பொதுவா பண்ணுங்க. எங்க எல்லாரையும் பாதுகாத்தருளும்னு முடிச்சிடுங்க. யாருன்னு கர்த்தருக்குத் தெரியாதா?”

“கர்த்தருக்குத் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியணும்.”

அவர் இழுப்பறைப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். “இந்த வருஷம் பர்மனென்ட் ஆகப் போறவங்கள்ல உங்க பேர் இருக்கு. நானே சொல்லி வெச்சேன். அதைக் கெடுத்துக்காதீங்க. இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கோவத்துக்கு ஜெபம்னு பேர் வெக்காதீங்க.”

அந்தக் கடைசி வார்த்தை ஞானம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தாள். கோவமா பண்ணினேன்? ஆமாம், கோவந்தான். துளசிராமன் தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருன்னு சொன்னப்ப அவரு சட்டையப் புடிச்சி உலுக்கணும் போல இருந்துச்சே. அப்ப அது ஜெபமா, சண்டையா? அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் புருஷன் இம்மானுவேல் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தான். இரும்பு உருட்டாலையில் சூட்டில் நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போய் அவன் வேலையை விட்டு நாளாகிறது. பர்மனென்ட் என்று கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டான்.

“எத்தினி வருசமா கான்ட்ராக்ட்லயே கீற? உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வாய மூடிக்கினு இருந்தா வேல கெடைக்குது.”

“வாய மூடிக்கினு இருந்தா செண்பகத்துக்குக் கை போவுது.”

“அது உன் பொறுப்பா?”

“அவ பேரச் சொல்லிட்டேனேப்பா” என்றாள் ஞானம்மா. “சொன்னப்பறம் என் பொறுப்புதான்.”

மறுநாள் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாகிவிட்டது. வேலை நேரத்துக்கு முன்போ பின்போ ஷாப்புக்குள் கூட்டமாக நிற்கக் கூடாது. ஷாப் மூலையில் இருந்த விநாயகர் மாடத்துக்கு மட்டும் அந்தத் தாள் பொருந்தாது போலிருக்கிறது, அங்கே வழக்கம்போல் நாலு பேர் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அவர்கள் கும்பிடுவதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. குழாயோரம் தனியாகப் போய் நின்று கைக்குட்டையைத் தலையில் போட்டாள். கூட்டம்தானே கூடாது?

பெண்கள் யாரும் குழாய்ப் பக்கம் போகவில்லை. அவரவர் மிஷின் முன்னாலேயே நின்று கண்ணை மூடினார்கள். மிஷின் இன்னும் ஓடத் தொடங்காத அந்த அமைதியில் ஞானம்மாவின் குரல் ஷாப் முழுக்கக் கேட்டது. நாலாம் நம்பர், செண்பகம், சாவி, துளசிராமன் சார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். புதிதாக இன்னொன்றையும் சேர்த்தாள். “எனக்குள்ள கோவம் கீது ஆண்டவரே. அத்த எடுத்துடும். ஆனா சாவி திரும்பற வரைக்கும் என் வாய அடைச்சிடாதேயும்.”

துளசிராமன் அன்றைக்கே அவளைப் பிரஸ்ஸிலிருந்து தூக்கிப் பின்பக்கக் கொட்டகையில் கழிவுத் தகடு பிரிக்கப் போட்டார். வெயிலில் கொதிக்கிற தகரக் கூரை, கையைக் கிழிக்கிற துண்டுகள். காலையில் குழாயோரம் நின்று ஜெபித்துவிட்டுத்தான் அங்கே போவாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

ஸ்டீவன் மேலே பேசவேயில்லை. நேரம் வரவில்லையாம்.

மார்ச் மாசம் பாதுகாப்பு வார விழா வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஷாமியானா போட்டு, உறுதிமொழி எடுத்து, கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்து, கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். தொடக்கத்தில் மும்மதப் பிரார்த்தனை உண்டு. அக்கவுன்ட்ஸ் பெண் பிள்ளையார் பாட்டுப் பாடுவாள், ஸ்டோர்ஸ் பாய் துவா ஓதுவார், கிறிஸ்தவப் பிரார்த்தனை ஸ்டீவனுடையது. இரண்டே வரி, ஆமென், உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருஷம் தாங்கிகளை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து நர்மதா என்ற தர ஆய்வு அதிகாரி வருகிறார். அதனால் ஆலைத் தலைவர் சந்திரமோகனுக்கு ஒரு யோசனை உதித்தது. “எதுக்கு ஸ்டீவன் எப்பவும் நீங்களே? பெண் தொழிலாளி யாராவது பண்ணினா பாக்க நல்லா இருக்கும். பிரஸ் ஷாப்ல ஒரு அம்மா பிரமாதமா ஜெபம் பண்ணுவாங்களாமே, எல்லாரும் சொல்றாங்க. அவங்களையே மேடை ஏத்துங்க.”

ஸ்டீவன் விழித்தார். அந்த அம்மாள் என்ன ஜெபிக்கிறாள், ஏன் கொட்டகையில் கிடக்கிறாள் என்று அவர் சந்திரமோகனிடம் சொன்னதே கிடையாது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். நல்லவர்களின் பயம் இப்படித்தான், ஒரு சின்ன மறைப்பை மூட இன்னொரு மறைப்பைத் தேடும். கொட்டகைக்கு அவரே நடந்து வந்தார்.

“சிஸ்டர், ரெண்டு நிமிஷம். சிம்பிளா. உங்களால முடியும்ல?”

ஞானம்மா கையுறையைக் கழற்றினாள். “எனக்கு ஒரே மாதிரிதான் பண்ணத் தெரியும் சார். மேடைக்கு ஒண்ணு, குழாயடிக்கு ஒண்ணு தெரியாது. முன்னாடியே சொல்லிட்டேன்.”

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். “அதுதான் அழகு. மனசுல இருந்து வரட்டும்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். மேடை, மைக், விருந்தாளி எல்லாம் இருந்தால் எந்தப் பொம்பளையும் பயந்து சுருங்கிவிடுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது அவர் கணக்கு.

பயந்தாள்தான். பயம் இல்லையென்று சொன்னால் பொய். விழாவன்று காலை இட்லி இறங்கவில்லை. கீழே முதல் வரிசையில் சந்திரமோகன், பக்கத்தில் நர்மதா. ஓரமாக ஸ்டீவன். தூணில் சாய்ந்து துளசிராமன். பின்னால் பிரஸ் ஷாப் பெண்கள், நடுவில் செண்பகம். அவள் இந்த நிமிஷம் வரை அதே நாலாம் நம்பரில்தான் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். பொதுவாகப் பண்ணிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பர்மனென்ட் கிடைக்கும், இம்மானுவேல் சிரிப்பான், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் அப்படிப் பண்ணினால் இத்தனை நாள் குழாயடியில் பண்ணியதெல்லாம் வெறும் வாய்ச் சவடால் ஆகிவிடும். கைக்குட்டையைத் தலையில் போட்டாள்.

“எல்லாரும் கண்ண மூடுவோம்” என்றாள் மைக்கில்.

மூடினார்கள். முந்நூறு பேரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள்.

“அன்புள்ள பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். சந்திரமோகன் சார ஆசீர்வதியும். விருந்தாளியா வந்திருக்கற அம்மாவ ஆசீர்வதியும். இந்தக் கம்பெனி எங்களுக்கு சோறு போடுது, இத்த ஆசீர்வதியும்.”

ஸ்டீவன் மூச்சை விட்டார்.

“பாதுகாப்புன்னு பேனர் கட்டிக்கினு நிக்கறோம் ஆண்டவரே. உமக்கு முன்னாடி பொய் சொல்லக் கூடாது. நாலாம் நம்பர் பிரஸ்ல சென்சார் வேல செய்யல. செய்யாமத் திருப்பி வெச்சிருக்காங்க. பெரிய ஆர்டர் வந்ததுல இருந்து அப்பிடித்தான் கீது. செண்பகம்னு ஒரு பொண்ணு அதுல வேல செய்யுது. அவ கையுறை நசுங்கிச்சி, கைய நீர் காப்பாத்தினீர். நாளைக்கும் காப்பாத்தும்னு உம்மையே சோதிச்சிக்கினு இருக்கோம்.”

துளசிராமன் தூணை விட்டு நிமிர்ந்தார். சந்திரமோகன் கண்ணைத் திறந்து ஸ்டீவனைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லுங்கள் என்று பார்வையாலேயே சொன்னார். ஸ்டீவனால் முடியவில்லை. சின்ன வயசிலிருந்து ஜெபம் நடக்கும்போது இருமல் வந்தால்கூட அடக்கிப் பழகியவர். நடு ஜெபத்தில் போய் மைக்கைப் பிடுங்குவதா? கை எழவேயில்லை. சந்திரமோகனுக்கும் வழியில்லை, பக்கத்தில் விருந்தாளி தலை குனிந்து நிற்கிறார், முந்நூறு பேர் பக்தியாக நிற்கிறார்கள். எந்த மேடையிலும் எந்தப் பேச்சாளனையும் சீட்டு அனுப்பி உட்கார வைக்கலாம். கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறவளை எப்படி உட்கார வைப்பது?

“துளசிராமன் சார் மேல எனக்குக் கோவம் இருந்துச்சி, அத்த மன்னியும். அவருக்கு மேல இருந்து டார்கெட் டார்கெட்னு நெருக்கறாங்க. அவரும் பயந்துதான் செஞ்சாரு. ஸ்டீவன் சாரும் பயந்துதான் மேல சொல்லாம விட்டாரு. எங்க எல்லாருக்கும் பயம் கீது. அந்தப் பயத்த எடுத்துப் போடும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.”

ஷாமியானா துணி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து செண்பகம், “ஆமென்” என்றாள். கன்னியம்மா சொன்னாள். அப்புறம் பிரஸ் ஷாப் மொத்தமும் சொன்னது. ஞானம்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நர்மதா நெய்வேலிப் பெண், ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பவில்லை. சந்திரமோகன் பக்கம் திரும்பி, “உறுதிமொழி அப்புறம் எடுக்கலாம். நாலாம் நம்பர் பிரஸ்ஸை முதல்ல பாக்கலாமா?” என்றார்.

பார்த்தார்கள். அன்று மத்தியானமே சென்சார் விழித்துக்கொண்டது. சாவியை நர்மதா கையோடு எடுத்துக்கொண்டு போனார். கேசரி யாரும் தொடாமல் ஆறிப்போனது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். விருந்தாளி போனபிறகு வீட்டுக்காரன் முகம் எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியுமே. திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஞானம்மா கேட்டில் அட்டையை நீட்டினாள். கான்ட்ராக்டரின் ஆள் குறுக்கே வந்தான்.

“உங்களுக்கு வேல இல்ல. மேல சொல்லிட்டாங்க. ஊட்டுக்குப் போங்க.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இம்மானுவேலின் நெஞ்சு, மருந்து, வீட்டு அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. கேட்டை விட்டுத் தள்ளி, சாலையோரம் போய் நின்றாள். பஸ் திரும்பிப் போக இன்னும் நேரமிருந்தது.

உள்ளே போன செண்பகம் வெளியே வந்தாள். பின்னால் கன்னியம்மா. அப்புறம் ஒவ்வொருத்தியாக, நீலக் கோட்டோடு, பிரஸ் ஷாப் பெண்கள் அத்தனை பேரும். செக்யூரிட்டி கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“இன்னாடி பண்றீங்க? சைரன் ஊதப் போறான், உள்ள போங்க” என்றாள் ஞானம்மா.

“இன்னும் ஜெபம் ஆவலயே” என்றாள் கன்னியம்மா.

ஞானம்மா கைக்குட்டையை எடுத்தாள். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. தனக்காக என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவேயில்லை. அவள் தவிப்பதைப் பார்த்துவிட்டு, செண்பகம் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஆண்டவரே, நான் செண்பகம். நாலாம் நம்பர் பிரஸ்ஸு. உங்களுக்கு என்னத் தெரியாது, அக்கா சொல்லியிருக்கும்” என்று ஆரம்பித்தாள். “நான் உங்க சர்ச்சுக்கெல்லாம் வந்ததில்ல. வருவேன்னும் சொல்லல. ஞானம்மா அக்காவ கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. அது கேட்டதால எனக்குக் கை கீது. எனக்குக் கை கேட்டதுக்கு அதுக்கு வேல இல்லயாம். இது ஞாயமா? சந்திரமோகன் சாருதான் போவச் சொன்னாராம், அவருக்கு நீங்களே சொல்லுங்க. ஸ்டீவன் சாரு அங்க உள்ள நின்னு பாத்துக்கினுதான் கீறாரு, அவருக்கும் சொல்லுங்க. அக்கா உள்ள போனா நாங்க போவோம். இல்லன்னா யாரும் போவ மாட்டோம். சொல்லிட்டேன், அப்பறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது. அவ்ளோதான்.”

சைரன் ஊதியது. நீளமாக ஊதி ஓய்ந்தது. பிரஸ் ஷாப்பிலிருந்து வழக்கமாக எழும்புகிற டமார் டமார் சத்தம் வரவில்லை. ஆமென் சொல்ல வேண்டிய இடம். யாராவது சொல்லட்டும் என்று பெண்கள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

“ஆமென்.”

ஆம்பளைக் குரல். ஞானம்மா கண்ணைத் திறந்தாள். கேட்டுக்கு உள்ளே ஸ்டீவன் தலை குனிந்து நின்றிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மேல் மாடி ஜன்னலில் சந்திரமோகன் நின்று பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும்.

“கேட்டைத் தொறப்பா” என்றார் செக்யூரிட்டியிடம்.

“சார், அந்தம்மாவ விடக் கூடாதுன்னு மேல இருந்து ஆர்டர்...”

“தெரியும். தொறந்தது யாருன்னு கேட்டா, ஸ்டீவன்னு என் பேரச் சொல்லு.”